தேநீர் வரைந்த எல்லை

கடல்துறை அமைச்சருக்குக் கடல் ஆகாது. படகில் ஏறினால்தான் என்றில்லை, கழுவிவிட்ட தரையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றாலே அவருக்குத் தலை சுற்றும். பதவியேற்ற அன்று அலுவலக வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வாந்தியெடுத்தவர் அவர். மறுநாளே தொட்டியை அகற்றிவிட்டார்கள். மீன்களுக்கும் அது நல்லதாகப் போயிற்று. துறைக்குள் வந்ததில் உருப்படியாக வெளியே போனவை அவை மட்டும்தான்.

ஆகாத ஆளுக்கு அந்த இலாகாவை ஏன் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். அரசின் தலைமையில் இருந்தவரை நாடே 'பெரியவர்' என்றுதான் சொல்லும். பெரியவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தத் துறையில் எதுவும் நடந்துவிடக் கூடாதோ, அந்தத் துறைக்கு எதுவும் செய்யத் தெரியாத ஆளைப் போட வேண்டும். அப்படிப் பார்த்தால் இவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. பதினொரு வருடமாக அவர் எதையும் செய்ததில்லை. யார் எதைக் கேட்டு வந்தாலும் "பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லைப் பன்னிரண்டு விதமாகச் சொல்லுவார். அதில் ஒரு விதம், கேட்டவர் காரியம் முடிந்துவிட்டதென்று கும்பிடு போட்டுவிட்டுப் போகும்படி இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது உறைக்கும். ஜனங்கள் அமைச்சருக்கு வைத்த பெயரே 'பார்க்கலாம்' என்பதுதான்.

கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கைநீட்டி ஒரு காசு வாங்கியதில்லை. வாங்கினால் பதிலுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டுமே.

இப்படிக் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தவருக்கு ஒரு சோதனை வந்தது. உலகத்து நாடுகளெல்லாம் ஒன்றுகூடி, ஒவ்வொரு நாடும் தன் கடலில் ஒரு பகுதியை மூடிவிட வேண்டும், அங்கே யாரும் வலை போடக் கூடாது, மீனுக்கும் முட்டையிட ஓர் இடம் வேண்டாமா என்று முடிவெடுத்தன. எந்தப் பகுதி என்று படம் போட்டு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஒரு கட்டம் போட்டு அனுப்பிடு. யாருக்கும் வலிக்கக் கூடாது."

யாருக்கும் வலிக்காத கடலைத் துறையே மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்தது. தென்கோடியில் ஒரு மூலை. அங்கே பறவைகூடப் பறக்காது. வழிதவறி அந்தப் பக்கம் போன மீன் ஒன்று திரும்பி வந்து, மற்ற மீன்களைப் போக வேண்டாம் என்று எச்சரித்ததாகத் துறையில் சொல்லுவார்கள். அமைச்சர் பெரிய கடல் வரைபடத்தை மேசையில் விரித்து, அந்த மூலையில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். அந்த நேரம் பார்த்துப் பியூன் தேநீர் கொண்டுவந்தார். அமைச்சர் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை வரைபடத்தின் மேலேயே வைத்தார். அடி ஈரமான தம்ளர். எடுத்தபோது கரைக்குச் சற்றுத் தள்ளி, கடலின் மேல், பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் பதிந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை. ஓரத்தில் 'சரி' என்று எழுதி, படத்தைச் சுருட்டி, வரைபடப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் பிரிவில் முப்பத்தெட்டு வருடமாக ஒரே வரைபடக்காரர்தான். அவருக்கு இரண்டே இரண்டு விதிகள். முதலாவது, பென்சில் கோடு யோசனை, நிறக் கோடு ஆணை. யோசனையை அழித்துவிட்டு ஆணையை வரைய வேண்டும். இரண்டாவது, படத்தில் இருப்பதில் ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

இரண்டாவது விதியை அவர் எவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தார் என்பதற்கு ஒரு தீவே சாட்சி. அந்நாட்டு வரைபடங்களில் கரையிலிருந்து நாற்பது கல் தொலைவில் ஒரு குட்டித் தீவைப் பார்க்கலாம். கடலில் அந்த இடத்தில் இருப்பது தண்ணீர்தான். முன்னொரு காலத்தில் மூலப்படத்தின் மேல் ஓர் ஈ நசுங்கியிருந்தது. வரைபடக்காரர் அதையும் விடாமல் வரைந்தார், ஆறு கால்களையும் ஆறு முனைகளாக. பிறகு அந்தத் தீவுக்கு ஒரு கலங்கரை விளக்கம் அனுமதிக்கப்பட்டது. அதைக் காக்க ஓர் ஆள் நியமிக்கப்பட்டார். இருபது வருடமாக அவர் கரையிலேயே இருந்துகொண்டு 'விளக்கு எரிகிறது' என்று மாதாமாதம் அறிக்கை அனுப்பிவருகிறார். போன தேர்தலில் அந்தத் தீவில் நாற்பத்து மூன்று வாக்குகள் பதிவாயின. அதில் மூன்று செல்லாதவை என்று ஒதுக்கினார்கள். தேர்தலை அவ்வளவு நேர்மையாக நடத்தினார்கள்.

ஆக, படம் போக வேண்டிய வழியில் போயிற்று. அரசிதழில் அச்சாயிற்று. மாநாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒரு காலையில் செயலர் அம்மாள் செய்தித்தாளோடு அமைச்சரின் அறைக்குள் வந்தார். அவர் சிரிக்காமலே பிறரைச் சிரிக்கவைக்கிற பேர்வழி. பதினொரு வருடமாக அமைச்சரின் ஒன்றும் செய்யாமைக்கு ஒழுங்காகக் கோப்புப் போட்டு வைத்திருந்தவர்.

"சார், உலகமே உங்களைப் பாராட்டுது."

"எதுக்கும்மா?"

"அதான் சார் எனக்கும் தெரியல. படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க."

மாநாட்டில் மற்ற நாடுகள் பனிப்பாறையையும் எரிமலை வாயையும் மூடியிருந்தன. இந்த நாடு ஒன்றுதான் தன் கடலிலேயே வளமான இடத்தை மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் கடலுக்கடியில் ஒரு மேடு இருக்கிறது. கரையோரத்து மீன்களெல்லாம் முட்டையிட வருவது அங்கேதான். அந்த மேட்டைச் சுற்றி அச்சுப் பிசகாமல் ஒரு வட்டம். திரையில் படம் விழுந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியதாம். தூங்கிக்கொண்டிருந்த இந்நாட்டுப் பிரதிநிதியும் எழுந்து கைதட்டினாராம். தலைப்பில் ஒரே சொல்: துணிச்சல்.

அமைச்சர் தலைப்பையும் தன் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. வரைபடக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மூலப்படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார்.

"என்னய்யா இது?"

"எல்லைங்க சார்."

"யார் போட்டது?"

"நீங்க போட்டது சார்."

"நான் போட்டது கட்டம்."

"அது பென்சில் சார். விதிப்படி அழிச்சுட்டேன். நிறக் கோடுன்னு பார்த்தா இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"இது டீ."

"டீயா காப்பியான்னு பார்க்கிறது என் வேலை இல்ல சார். கோடா இல்லையான்னு பார்க்கிறதுதான் என் வேலை."

"கோடு இப்படியா இருக்கும்? ஒரு பக்கம் தடிச்சு, ஒரு பக்கம் மெலிஞ்சு?"

"அதையும் விடல சார். தடிச்ச இடத்துல தடிச்சே போட்டிருக்கேன்." வரைபடக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு விழுந்திருந்துச்சு. அதுக்கும் தனி எல்லை குடுத்துட்டேன். சின்ன இடம்தான். ஒரு திமிங்கலம் ஒடுங்கி நிக்கலாம்."

செயலர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் அமைந்துவிட்ட கதையாக இருந்தது. அதை வைத்துக்கொள்வதா, உருட்டிவிடுவதா என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், அமைச்சருக்கு முன்னால் அவருடைய மைத்துனர் வந்து உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு ஒரே தம்பி. பன்னிரண்டு இழுவைப் படகுகளுக்குச் சொந்தக்காரர். இழுவைப் படகு என்றால் கடலின் அடிமடியிலேயே கைவைக்கிற படகு. தரையோடு தரையாக வலையை இழுத்துக்கொண்டு போகும். அது போன பிறகு அங்கே நண்டு நடந்த தடம்கூட மிஞ்சாது.

"என்ன மாமா, உலகத்தையே காப்பாத்திட்டீங்களாமே. சொந்தக்காரனைக் காப்பாத்த மட்டும் நேரமில்லையோ?"

"மாப்ள, அது டீ."

"டீயில எனக்கு விஷம் வச்சுட்டீங்க."

"ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "கடல் எங்கேயும் ஓடிடாது."

"கடல் ஓடாதுக்கா. என் படகுதான் ஓட முடியல. பன்னெண்டும் துறைமுகத்துல நின்னு காக்காய்க்கு வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கு." மைத்துனர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒரு வரி போதும் மாமா. தப்பா அச்சாயிடுச்சுன்னு ஒரு வரி. உங்க கையால எழுத வேண்டாம், யாராவது எழுதித் தருவாங்க, நீங்க கிறுக்கினா போதும்."

அமைச்சர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "பார்க்கலாம்."

"அந்தக் கதையெல்லாம் ஊர்க்காரன்கிட்ட வச்சுக்கோங்க. நான் கல்யாணத்துலயே உங்களைப் பார்த்தவன்."

பெரியவர் சாயங்காலம் கூப்பிட்டார்.

"இதைச் செஞ்சது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். நீ என்ன, எதையாவது செய்யற ஆளா? சரி, கைதட்டு விழுது, ரெண்டு மாசம் விழட்டும். அப்புறம் ஒரு பிழைதிருத்தம் போட்டுடு. படம் வரைஞ்சவன் பண்ணின தப்புன்னு எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பு."

"அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு மாசம் இருக்குங்க ஐயா. இப்ப அனுப்பினா, முப்பத்தெட்டு வருஷமும் தப்பாப் போட்டான்னு ஆயிடும்."

"அப்படித்தான் ஆகணும். யார் மேலயாவது ஆகணும்ல. உன் மேலயா, அவன் மேலயான்னு நீயே பார்த்துக்க."

பிழைதிருத்தக் கோப்பு மறுநாளே தயாராகி அமைச்சரின் மேசைக்கு வந்துவிட்டது. இரண்டே பத்தி. மேட்டைத் திறந்துவிட வேண்டும், வரைபடக்காரரை வேலையை விட்டு நீக்க வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேர் தெரியாத நாடுகளிலிருந்து கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு நாட்டில் ஒரு திமிங்கலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் திமிங்கலம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்பது எதிர்க்கட்சி கிளப்பிவிட்ட கதை. பெரியவருக்கு உலக மாநாடு ஒரு பதக்கம் அனுப்பியது. அவர் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, குளிக்கும்போதும் கழற்றாமல் இருந்தார் என்று சொல்லுகிறார்கள். அமைச்சரோ கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். துணிச்சல்காரர் ஒருவர் அங்கே நின்று தன்னை முறைத்துப் பார்ப்பதுபோல இருந்ததாம்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது செயலர் அம்மாள் கோப்பைப் புரட்டினார்.

"சார், எல்லையை மாத்துறதுக்கு முன்னாடி அமைச்சர் நேர்ல போய் இடத்தைப் பார்த்திருக்கணும். விதி பதினேழு."

"போடும்போது நான் பார்க்கலையே."

"போடுறதுக்கு விதி இல்ல சார். எடுக்கிறதுக்குத்தான் விதி."

"எனக்குக் கடல் ஆகாதுன்னு தெரியும்ல?"

"வாளி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன் சார்."

துறையின் சொந்தப் படகு ஒன்பது வருடமாகப் பழுதுபார்ப்பில் இருந்தது. அதனால் ஒரு தூண்டில்காரரின் சிறு படகை ஏற்பாடு செய்தார்கள். ஐம்பது வயது இருக்கும், தனியாகவே கடலுக்குப் போகிறவர், பேச்சு குறைவு. படகின் கயிற்றை அவிழ்ப்பதற்குள்ளேயே அமைச்சர் வாளிக்குள் தலையை விட்டுவிட்டார். ஒரு மணி நேரமும் அவர் பார்த்த கடல் அந்த வாளிக்குள் இருந்ததுதான்.

தூண்டில்காரர் என்ஜினை நிறுத்தினார்.

"இதுக்கு மேல போகக் கூடாதுங்க."

"ஏன்?"

"நீங்கதானே போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

அமைச்சர் தலையைத் தூக்கினார். நாலாபுறமும் தண்ணீர். "எல்லை இதுதான்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"மீனைப் பாருங்க."

அவர் பார்த்தார். படகுக்கு இந்தப் பக்கம் மீன்கள் ஒன்றிரண்டாக உலாத்திக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, கூட்டம் தொடங்கியது. மீனுக்குத் தோள் உண்டா என்பது வேறு விஷயம், தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. தாய்மீன்கள் நகர இடமில்லாமல் தடுமாற, குஞ்சுகள் அவற்றின் வயிற்றுக்கடியில் புகுந்து புகுந்து வந்தன. நண்டு ஒன்று கால் நனையாமல் மீன்களின் முதுகு வழியாகவே நடந்து போயிற்று. நம்ப முடியாதவர்கள் ஒரு படகு பிடித்துப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"ரெண்டே மாசத்துலயா?"

"மூணு வருஷமாத் தூண்டிலைப் போட்டா எனக்குத் தண்ணிதாங்க வந்துச்சு. இழுவை வலை மேட்டு மேல போனா மீனை மட்டுமா எடுக்கும்? பாசி, கல்லு, முட்டை, எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிடும். வாடகை குடுக்கலைன்னு வீட்டையே இடிச்சுத் தூக்கிட்டுப் போற மாதிரி." தூண்டில்காரர் கோட்டுக்கு இந்தப் பக்கமாகத் தூண்டிலை இறக்கினார். "உள்ள நானும் போகக் கூடாதுதான். வயித்தெரிச்சல் இல்லாம இருக்குமா? ஆனா உள்ள பெருத்தது வெளியே நடமாட வருது. எனக்கு அது போதும்."

நூலைச் சரிபார்த்துவிட்டுத் தூண்டில்காரரே கேட்டார்.

"தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்த மேடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எங்க அப்பா எனக்கே சரியாச் சொல்லல. நீங்க அளந்து வளைச்ச மாதிரி போட்டிருக்கீங்க. எத்தனை நாள் உக்காந்து யோசிச்சீங்க?"

அமைச்சர் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். உண்மைக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. தூண்டில்காரர் எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிவிட்டார்.

"பரவாயில்லங்க. இம்புட்டு அவஸ்தையோட நேர்ல வந்து பார்க்கிறீங்களே."

அந்தக் கை சொரசொரப்பாக, உப்பேறிக் காய்த்துப்போய் இருந்தது. பதினொரு வருடத்தில் அமைச்சரை யாரும் எதற்காகவும் தேற்றியதில்லை. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "இதைத் திரும்பத் திறந்துவிட்டா?" என்று கேட்டார்.

தூண்டில்காரர் நூலைச் சுற்றினார். பாதி சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"என் பொண்ணு நகரத்துல ஒரு கடையில வேலை பார்க்குதுங்க. அதை விட்டுட்டு வந்து படகுல சேர்ந்துக்கிறேங்குது. நான் வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல."

"ஏன்?"

"இது நிலைக்குமா நிலைக்காதான்னு எனக்குத் தெரியாதுல்ல. நீங்க சொன்னா நான் அதுகிட்டச் சொல்லிடுவேன்."

பழக்கப்பட்ட சொல் அமைச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. பன்னிரண்டு விதத்தில் எந்த விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அந்த ஆளின் முன்னால் அது எடுபடாது என்று தெரிந்தது. விழுங்கிவிட்டார். விழுங்கியதில் வயிற்றில் தங்கிய ஒரே பொருள் அன்றைக்கு அதுதான்.

"திங்கக்கிழமை சொல்றேன்" என்றார்.

கரையேறியதும் கால் நிலத்தில் பாவாமலே அலுவலகத்துக்குப் போனார். செயலர் அம்மாளிடம் கேட்டார்: "ஒரு ஆணை எத்தனை நாள் நிக்கும்?"

"இந்த அறையில போட்ட கையெழுத்தை, இந்த நாற்காலியில நாளைக்கு வந்து உக்கார்றவங்க அழிச்சிடலாம் சார். சபையில எழுந்து நின்னு படிச்சுக் கையெழுத்துப் போட்டு, பாதிப் பேருக்கு மேல ஒத்துக்கிட்டா, சபை மட்டும்தான் அழிக்க முடியும்."

"நம்ம துறையில அப்படி யாராவது போட்டிருக்காங்களா?"

"போட்டிருந்தா அவங்க படம் சுவத்துல மாட்டியிருக்கும் சார். சுவர் காலியாத்தானே இருக்கு."

அமைச்சர் வரைபடக்காரரை வரச்சொன்னார். புதுப் படம் ஒன்றை விரிக்கச் சொல்லி, மைப்பேனாவை வாங்கி, மேட்டைச் சுற்றித் தன் கையாலேயே கோடு போட ஆரம்பித்தார். பாதி வட்டத்தில் கை நடுங்கியது. மைத்துனரின் முகமும் பெரியவரின் குரலும் அந்தப் பாதியில்தான் குறுக்கே வந்தன. அங்கே கோடு புழுவாக நெளிந்து, பிறகு எப்படியோ சுற்றி வந்து தன் வாலைப் பிடித்தது.

வரைபடக்காரர் குனிந்து பார்த்தார். "நடுங்கின இடத்துல நடுங்கியே போடட்டுங்களா சார்?"

"நடுங்கியே போடுங்க."

திங்கட்கிழமை சபை நிறைந்திருந்தது. பிழைதிருத்தம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு மைத்துனர் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு நிருபர்கள் வேறு ஏதோ பாராட்டு விழா என்று நினைத்துப் பூங்கொத்தோடு வந்திருந்தார்கள். அவைத்தலைவர் கூப்பிட்டதும் அமைச்சர் எழுந்தார். பதினொரு வருடத்தில் முதல் முறையாக அவர் எழுந்ததால், அவருக்குப் பின்னால் இருந்த உறுப்பினர், இவர் இவ்வளவு உயரமான ஆளா என்று வியந்தாராம்.

"மேட்டைச் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டது நான் இல்லை" என்றார். "நான் போட்டது, மீனே இல்லாத ஒரு மூலையில ஒரு கட்டம். வட்டத்தைப் போட்டது என் டீ தம்ளர்."

சபை சிரிக்கத் தொடங்கியது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து மேசைக்கடியில் போய்விட்டார். சிரிப்பு தணிவதற்கு இருபது நிமிடம் பிடித்தது. அமைச்சர் நின்றுகொண்டே இருந்தார்.

"வரைபடக்காரர் மேல தப்பில்லை. அவர் என் மேசையில இருந்ததைத்தான் வரைஞ்சார். இத்தனை நாள் நீங்கள்லாம் பாராட்டினது என்னை இல்லை, அந்தத் தம்ளரை. போன வாரம் நான் கடலுக்குப் போனேன். அங்கே என்ன இருக்குன்னு பார்த்தேன். இப்போ அதே இடத்துல, தெரிஞ்சே, என் கையால ஒரு கோடு போட்டுக் கொண்டுவந்திருக்கேன். என் மச்சினருக்குப் பன்னெண்டு இழுவைப் படகு இருக்கு. அதோ மேல உக்காந்திருக்கார். அவருக்கு நஷ்டம்தான். அதுவும் எனக்குத் தெரியும்."

படத்தை விரித்துப் பிடித்தார். நடுங்கிய கோடு கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

"டீ போட்டதையும் நான்தான் போட்டேன்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானேய்யா" என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்தார்.

"அப்படிச் சொன்னா, இன்னொருத்தர் வந்து டீதான்னு நிரூபிச்சு அழிச்சிடுவார்" என்றார் அமைச்சர்.

ஒப்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று அவைத்தலைவர் சொன்னார். எல்லார் கண்ணும் பெரியவர் மேல் போயிற்று. பெரியவர் உட்கார்ந்தே இருந்திருப்பார். ஆனால் வெளிநாட்டு நிருபர்களின் காமிரா அத்தனையும் அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சட்டையில்தான் அந்த வட்டத்துக்காக வந்த பதக்கம் இருந்தது. பெரியவர் மெல்ல, முழங்காலில் கையூன்றி எழுந்தார். அவர் எழுந்தால் அவர் கட்சியும் எழும், அது அவர்களுக்கு முட்டியிலேயே பழகிப்போன விஷயம். எதிர்க்கட்சிக்காரர்கள் சிரிப்பதற்காக ஏற்கெனவே எழுந்திருந்தார்கள். அவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மாடத்திலிருந்து மைத்துனர் மட்டும் விறுவிறுவென்று வெளியே போனார்.

தாழ்வாரத்தில் பெரியவர் அமைச்சரை ஓரமாக நிறுத்தினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தால் களைப்பாகத்தான் இருந்தார்.

"நானும் முதல் தேர்தல்ல இந்தக் கடலைப் பத்தித்தான்யா பேசினேன்" என்றார். "அப்புறம் மறந்துட்டேன்." கொஞ்சம் நின்றார். "சரி, வட்டத்தை நீ வச்சுக்க. இலாகாவை நான் எடுத்துக்கிறேன்."

வாசலில் கார் இல்லை. செய்தி ஓட்டுநருக்கு முன்பே எட்டிவிட்டிருந்தது. துறைமுகத்துப் பக்கமாகச் சுற்றி நடந்து, தூண்டில்காரரின் படகைத் தேடிக் கண்டுபிடித்து, "உங்க பொண்ணை வரச்சொல்லுங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். தூண்டில்காரர் தலையை ஆட்டினார். மனைவி ரேடியோவை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி இனிமே இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டானாம்."

"எப்ப சொன்னான்?"

"இப்பத்தான். வாசப்படியில நின்னுதான் சொன்னான்."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டுட்டுத்தான் சொன்னான்."

அவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள். முகம் கொடுக்கவில்லை.

"கோபமா?"

"கூடப் பொறந்தவன். கோபம் இல்லாம இருக்குமா? அஞ்சு படகையாவது விக்கணும்கிறான். அழுதுட்டான் தெரியுமா? சின்ன வயசுல விழுந்து மண்டை உடைஞ்சப்பகூட அவன் அழலை."

அவர் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான். சொல்லியிருந்தா?"

அமைச்சர் யோசித்தார். இனி அமைச்சர் இல்லைதான், ஆனால் அப்படிக் கூப்பிட்டே நமக்குப் பழகிவிட்டது. அவர் எதற்கும் அவ்வளவு நேரம் யோசித்து அவள் பார்த்ததில்லை.

"பேசித்தான் இருப்பேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் நடுங்கியிருப்பேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க" என்றாள். "ரேடியோவுல சிரிச்ச சத்தத்துல பாதி எனக்குக் கேக்கவே இல்ல."